சிகர்குண்டாவில் மறுபடி தோண்டும் முன்

ஜோலார்பேட்டையிலிருந்து பங்காருபேட்டைக்குப் போகும் ரயில் பாதையில், குப்பத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பிசாநத்தம் என்றொரு சின்ன நிலையம் இருக்கிறது. சித்தூர் மாவட்டத்தின் கடைக்கோடி இது. தெலுங்கு, தமிழ், கன்னடம் மூன்றும் ஒரே சந்தையில் புழங்கும். பிசாநத்தமும் பக்கத்துச் சிகர்குண்டாவும் தங்கம் தோண்டிய ஊர்கள் என்பது வெளியே பலருக்குத் தெரியாது. பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் நடத்திய அந்தச் சுரங்கம், தாய்ச் சுரங்கமான கோலார் தங்கவயலோடு சேர்ந்து 2001-இல் மூடப்பட்டது. சில ஆண்டுகளுக்கு முன் அதே சிகர்குண்டா–பிசாநத்தம் பகுதியை மத்திய அரசின் சுரங்க நிறுவனமான என்.எம்.டி.சி. ஏலத்தில் எடுத்தது.

சுரங்கம் திறந்தால் வேலை வரும் என்று ஊர் எதிர்பார்ப்பதில் தவறில்லை. குப்பத்து இளைஞர்கள் பிழைப்புக்குப் பெங்களூரு ரயிலைப் பிடிக்கும் வரை அந்த எதிர்பார்ப்பு இருக்கத்தான் செய்யும். ஆனால் பழைய சுரங்கத்தின் கணக்கே இன்னும் தீரவில்லை.

சுரங்கத்தை மூடும்போது குழியை என்ன செய்வது, கழிவை எப்படிக் காப்பது, அதற்குப் பணம் யார் வைப்பது என்பதையெல்லாம் எழுதிக் கொடுக்கும் மூடல் திட்டம் இந்தியாவில் கட்டாயமானது 2003-இல்தான். நிலக்கரிக்குத் தனி வழிகாட்டுதல் 2009-இல் வந்தது. சுரங்கம் போட்டவர் ஹெக்டேருக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே வங்கியில் கட்டிவைக்க வேண்டும் என்றது அது. சிகர்குண்டா மூடியது இந்த இரண்டுக்கும் முன்னால். அதாவது, சட்டம் வருவதற்கு இரண்டு வருடம் முந்திக்கொண்டு ஊர் கைவிடப்பட்டது.

அப்படிக் கைவிட்டால் என்ன ஆகும் என்று பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். மாநில எல்லையைத் தாண்டினால் தங்கவயல். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி உள்ளே வந்தது. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி, உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றானது. 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேல் தங்கம் எடுத்தார்கள். கீழே இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காட்டிலிருந்து போன தமிழர்கள். அவர்களில் பெரும்பகுதி தலித்துகள். 1911 வரை சித்தூரும் வட ஆற்காட்டுக்குள்தான் இருந்தது.

அந்த 800 டன்னும் போக மிஞ்சியது 13 கழிவு மேடுகள். ஊர்க்காரர்கள் சயனைடு மேடு என்பார்கள். சுமார் 1,000 ஏக்கரில் ஏறக்குறைய 3.3 கோடி டன் கல்மாவு. தங்கத்தைப் பிரிக்கப் பாறையை முகப்பவுடர் அளவுக்கு அரைத்துச் சயனைடு கரைசலில் ஊறவைப்பார்கள். சயனைடின் பெரும்பகுதி வெயிலிலும் காற்றிலும் காலப்போக்கில் சிதைந்துவிடும். அதைக் காட்டி ஆபத்து தீர்ந்தது என்று சொல்பவர்கள் உண்டு. பாறையோடு வந்த கந்தகக் கனிமங்களும் உலோகங்களும் அப்படி மறைந்துவிடுவதில்லை. மழை பட்டால் அமிலமாகக் கசியும். கோடையில் காற்றடித்தால் மாவு தெருவுக்கு வரும்.

அந்த மாவில் இருப்பது சிலிக்கா. சுரங்கத்துக்குள் அதைச் சுவாசித்தவர்களுக்குச் சிலிக்கோசிஸ் வந்தது. 1940-களிலேயே தங்கவயலில் அதை ஆராய்ந்து எழுதிவிட்டார்கள். ஆண்டுக்கணக்கில் தூசியைச் சுவாசித்த பிறகே பெரும்பாலும் வெளிப்படும் நோய் இது. வேலையை விட்டபின்னும் முற்றும். தொழிலாளி கம்பெனி லைன் வீட்டைக் காலி செய்து சொந்த ஊர் திரும்பியிருப்பார். அங்கே இருமினால் டாக்டர் டி.பி. என்று எழுதுவதற்கே வாய்ப்பு அதிகம். நோய் சுரங்கத்தின் கணக்கில் ஏறாமல் ஊரின் கணக்கில் ஏறும்.

இனி சிகர்குண்டாவின் கணக்கு. ஏலத்தின்போது சொல்லப்பட்ட மதிப்பீடு: சுமார் 18 லட்சம் டன் தாது, டன்னுக்கு ஏறக்குறைய 5 கிராம் தங்கம். மொத்தமும் எடுத்தால் கிடைப்பது சுமார் 9 டன். மீதி 18 லட்சம் டன்னும் எங்கேயோ கொட்டப்பட்டாக வேண்டும். எங்கே என்பதுதான் கேள்வி. ஊர்க் கூட்டங்களில் தங்கத்தின் அளவு பேசப்படும் அளவுக்கு இது பேசப்படுவதில்லை.

பழைய மேட்டையே மறுபடி அலசித் தங்கம் எடுக்கும் யோசனையும் இருக்கிறது. தங்கவயலின் 13 மேடுகளில் அதைச் செய்யும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024-இல் சம்மதித்தது. குப்பையும் குறையும், காசும் வரும் என்கிற வாதம் கேட்க நன்றாக இருக்கிறது. ருமேனியாவின் பாயா மாரே நகரிலும் இதையே சொல்லித்தான் தொடங்கினார்கள். பழைய தங்கக் கழிவை அலசிக்கொண்டிருந்த ஆலையின் அணை, 2000 ஜனவரி 30 இரவு, மழையும் உருகிய பனியும் சேர்ந்து உடைந்தது. ஒரு லட்சம் கனமீட்டர் சயனைடு நீர் ஆற்றில் கலந்து, ஹங்கேரியைக் கடந்து டானூப் வரை போனது. டிஸா ஆற்றில் மீன்கள் டன் டன்னாகச் செத்தன. கோலார் மாவட்டத்தையும் குப்பம் பகுதியையும் கடந்து வாணியம்பாடிப் பக்கம் வரும் பாலாற்றை நம்பியிருப்பவர்களும் இந்தச் செய்தியைப் படித்துவைக்க வேண்டியவர்கள்.

மேடு என்றால் அசையாது என்ற நினைப்பும் ஆபத்தானது. வேல்ஸின் நிலக்கரிக் கிராமமான அபெர்வானில் 1966 அக்டோபர் 21 காலை, ஊற்றின் மேல் கொட்டிய கழிவு மேடு சரிந்து பள்ளிக்கூடத்தை மூடியது. 116 குழந்தைகள் உட்பட 144 பேர் இறந்தார்கள். மிச்ச மேடுகளை அகற்றும் செலவுக்கு, இறந்தவர் குடும்பங்களுக்காக மக்கள் கொடுத்த நிதியிலிருந்தே 1,50,000 பவுண்டு எடுக்கப்பட்டது. திருப்பித் தர 1997 ஆனது, அதுவும் வட்டியில்லாமல்.

நம் ஊரில் பணக் கணக்கு இப்படி: 2015 சட்டத் திருத்தத்துக்குப் பின், பாதிக்கப்பட்ட பகுதிகளுக்கு மாவட்டக் கனிம நிதி உண்டு. ஏலத்தில் எடுத்த சுரங்கம் அதற்குக் கட்டுவது ராயல்டியில் 10 சதவீதம்தான். பழைய குத்தகைக்காரர்களுக்கு 30. காரணம் சட்டப்படி சரியாக இருக்கலாம், ஏல விலை வேறு கட்டுகிறார்களே என்பார்கள். அந்த விலை போவது மாநிலக் கஜானாவுக்கு.

பொதுமக்கள் கருத்துக்கேட்பு நடக்கும்போது கூட்டத்தில் வேலையைப் பற்றிக் கேட்க ஆள் நிறைய இருப்பார்கள். கழிவு மேடு எந்த சர்வே எண்ணில் வரும், மூடல் பணம் எந்தக் கணக்கில் இருக்கும் என்பதையும் யாராவது கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையின் சுருக்கம் தெலுங்கில் வரும்; வீட்டில் தமிழ் பேசும் ஊர்களில் யாராவது அதைப் படித்துச் சொல்லியாக வேண்டும். அதற்கும் முன்னால் ஒரு வேலை பாக்கி. சுற்றுப்புறக் கிணறு, போர் தண்ணீரை இப்போதே அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் ஆர்சனிக், சயனைடு, கன உலோகங்களுக்குச் சோதித்து, முடிவைப் பஞ்சாயத்துத் தீர்மானத்தில் ஏற்றிவைக்க வேண்டும். முதல் வெடி வைத்த பிறகு எடுக்கும் மாதிரியில் கெடுதல் தெரிந்தால், அது பழைய சுரங்கத்தால் வந்தது என்று புதியவர் சொல்வார்; பழைய நிறுவனமோ 2001-லேயே கதவைச் சாத்திவிட்டது.