சப்நாட்டிகாவின் கருவிகளும் கடலின் கணக்கும்

4546பி என்ற கடல் கோளில் விண்கலம் ஒன்று விழுந்து நொறுங்குகிறது. தப்பிய ஒருவர் கையில் கிடைப்பதைக் கொண்டு கருவிகள் செய்து உயிர் பிழைக்க வேண்டும். 2018இல் முழு வடிவில் வெளியான சப்நாட்டிகா என்ற கணினி விளையாட்டின் அடிப்படை இதுதான். மூச்சை அடக்கி இறங்கினால் 45 நொடி தாக்குப்பிடிக்கலாம். முதல் காற்று உருளையை மாட்டினால் அது 75 ஆகும். பெரிய உருளைகள் 135, 225 நொடி வரை கொண்டுபோகும். அதற்கப்பால் ரீபிரீதர், சீமாத் என்ற சிறு நீர்மூழ்கி, பிரான் என்ற இயந்திர உடை, கடலடி வீடு என்று கருவிகள் வளர்கின்றன. விளையாடுபவர் 900 மீட்டர் ஆழத்தில் நீர்மூழ்கியிலிருந்து இறங்கி, நீச்சல் உடையோடு உலாவலாம். ‘அந்த ஆழத்தில் மனிதன் நசுங்கிப் போவானே!’ என்பதுதான் இதற்கு எழும் முதல் கண்டனம். ஆனால் இந்த விளையாட்டின் பொய் அங்கே இல்லை. இறங்குவதைப் பற்றி அதன் கருவிகள் சொல்வதில் வியப்பூட்டும் அளவுக்கு உண்மை இருக்கிறது. ஏறுவதைப் பற்றித்தான் அவை வாய் திறப்பதில்லை.

ரீபிரீதரிலிருந்து தொடங்கலாம். விளையாட்டில் 100 மீட்டருக்குக் கீழே போனால் ஆக்சிஜன் வேகமாகத் தீரும்; ரீபிரீதர் அணிந்தால் செலவு பழைய அளவுக்குத் திரும்பும். இது மாயாஜாலம் போலத் தோன்றினாலும் இயற்பியல் இதன் பக்கம்தான். கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு கூடுகிறது. 30 மீட்டரில் அது மேற்பரப்பைப் போல 4 மடங்கு. அங்கே நுரையீரல் விரிய வேண்டுமானால் உள்ளே போகும் காற்றும் அதே அழுத்தத்தில் இருக்க வேண்டும். ஆகவே ஒரே அளவு மூச்சுக்கு உருளையிலிருந்து 4 மடங்கு காற்று செலவாகும். உடல் எரிக்கும் ஆக்சிஜனோ ஆழத்தால் கூடுவதில்லை. இழுத்த காற்றில் மிகப் பெரும்பகுதி பயன்படாமலேயே குமிழிகளாக வெளியேறிவிடுகிறது. ரீபிரீதர் அந்த வீணடிப்பைத் தடுக்கிறது. வெளிவிட்ட மூச்சிலிருந்து கார்பன் டை ஆக்சைடைச் சோடா சுண்ணாம்பால் நீக்கி, உடல் எடுத்துக்கொண்ட ஆக்சிஜனை மட்டும் ஈடுசெய்து, அதே காற்றைத் திரும்பக் கொடுக்கிறது. ஹென்றி ஃப்ளூஸ் 1878இலேயே இந்த வழியில் ஒரு மூச்சுக்கருவியை உருவாக்கினார். 100 மீட்டர் என்ற எல்லைக்கோடு விளையாட்டின் கற்பனை. உண்மையில் செலவு முதல் மீட்டரிலிருந்தே ஏறுகிறது. ஆனால் நோயும் மருந்தும் சரியாகவே பொருந்தியிருக்கின்றன.

இனி நசுங்கும் கதை. சீமாத் 200 மீட்டருக்குக் கீழே போனால் உடையத் தொடங்கும். படிப்படியாக மேம்படுத்தினால் 900 மீட்டர் வரை தாங்கும். அதே ஆழத்தில் வெளியே நீந்துபவருக்கோ ஒன்றும் ஆவதில்லை. அபத்தமாகத் தெரிகிற இந்த முரணில் பாதி உண்மை. மூடிய காலி டின்னை ஆழத்தில் இறக்கினால் நசுங்கும். நீர் நிரப்பிய டின் நசுங்காது. நீர்மூழ்கி முதல் வகை: உள்ளே ஒரு வளிமண்டல அழுத்தம், வெளியே பன்மடங்கு. மனித உடலில் பெரும்பகுதி நீர். நுரையீரலுக்கும் வெளி அழுத்தத்துக்குச் சமமான வாயு கிடைத்தால் நசுக்குவதற்கு இடைவெளியே இல்லை. 1988இல் பிரான்சின் கோமெக்ஸ் நிறுவனத்தின் ஹைட்ரா 8 சோதனையில் முக்குளிப்பவர்கள் திறந்த கடலில் 534 மீட்டர் ஆழத்தில் வேலை செய்தார்கள். 1992இல் ஹைட்ரா 10 சோதனையில் ஒருவர் அழுத்த அறைக்குள் 701 மீட்டர் ஆழத்துக்கு ஈடான அழுத்தத்தை எட்டினார். அவர்கள் சுவாசித்தது சாதாரணக் காற்றல்ல. ஹைட்ரஜனும் ஹீலியமும் ஆக்சிஜனோடு கலந்த வாயு. அந்த அழுத்தத்தில் நைட்ரஜன் மயக்கும், ஆக்சிஜன் அளவு மீறினால் நஞ்சாகும், நரம்பு மண்டலம் தடுமாறும். ஆழத்தில் மனிதனுக்கு எல்லை வகுப்பது சுவாசிக்கும் வாயு. எலும்பின் வலிமை அல்ல.

அந்த வாயுதான் திரும்பும் வழியில் கடன்காரனாக வந்து நிற்கிறது. அழுத்தத்தில் இருக்கும்போது நைட்ரஜனோ ஹீலியமோ இரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது. சட்டென்று மேலே வந்தால் கரைந்தது குமிழியாகி மூட்டையும் நரம்பையும் தாக்கும். தென்னாப்பிரிக்காவின் நூனோ கோமெஸ் 2005இல் செங்கடலில் 318 மீட்டர் இறங்க எடுத்தது சுமார் கால் மணி நேரம். ஏற எடுத்தது சுமார் 12 மணி நேரம். ஆழத்தில் பல நாள் தங்கி வேலை செய்பவர்கள் 30 மீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டு வருகிறார்கள். 300 மீட்டர் என்றால் ஒன்றரை வாரம். சப்நாட்டிகாவில் இந்தக் கடன் அடியோடு தள்ளுபடி. அங்கே ஏறும் அவசரமெல்லாம் ஆக்சிஜன் தீர்வதற்குள் மேலே வந்துவிட வேண்டும் என்பது மட்டுமே.

இந்தத் தள்ளுபடியின் விளைவு கடலடி வீட்டில் அப்பட்டமாகத் தெரிகிறது. அந்த வீட்டுக்குக் கட்டமைப்பு வலிமை என்று ஒரு கணக்கு உண்டு: கண்ணாடி வைத்தால் குறையும், ஆழம் கூடினால் குறையும், வலுவூட்டும் தகடு பதித்தால் கூடும். உள்ளே சாதாரண அழுத்தம் இருந்தால்தான் இந்தக் கணக்குக்குப் பொருள் உண்டு. ஆனால் அதே வீட்டில் நீர்மூழ்கி வந்து நிற்கும் அறையின் தரை கடலுக்குத் திறந்தே கிடக்கிறது. உள்காற்றின் அழுத்தம் வெளி நீருக்குச் சமமாக இருந்தால் மட்டுமே அந்தத் திறப்பு வழியாகத் தண்ணீர் பொங்கி ஏறாமல் நிற்கும். அப்படிச் சமமாக இருந்தால் கனத்த சுவருக்குத் தேவையில்லை. அமெரிக்காவின் ஃபுளோரிடா அருகே ஏறத்தாழ 19 மீட்டர் ஆழத்தில் இருக்கும் அக்வேரியஸ் ஆய்வகம் இத்தகைய திறந்த வாசல் கொண்டது. அங்கே தங்கியவர்கள் வெளியேறுமுன் சுமார் 17 மணி நேரம் அழுத்தம் குறைத்தாக வேண்டும். விளையாட்டின் வீடு சுவரையும் கேட்கிறது, திறந்த வாசலையும் கேட்கிறது. இரண்டும் சேர்ந்து நிற்காது.

வேற்றுக் கோளில் நடக்கும் கற்பனைக்கு இவ்வளவு கணக்கா என்று கேட்கலாம். ராட்சத மீன்களையும் ஒளிரும் செடிகளையும் கற்பனையாக விட்டுவிடலாம். ஆனால் டைட்டானியம், ஆக்சிஜன், மீட்டர் என்று பேசும் கருவிகள் நம் பொறியியலின் மொழியில் பேசுகின்றன. அவற்றை அந்த மொழியிலேயே சோதிப்பது நியாயம். ஒவ்வொரு முறை ஏறும்போதும் 12 மணி நேரம் காத்திருக்கச் சொன்னால் யார் விளையாடுவார்கள் என்பது இன்னும் வலுவான வாதம். அதை மறுக்க வழியில்லை. ஆனால் பயணத்தையும் பசியையும் சுருக்கத் தெரிந்த விளையாட்டு, 12 மணி நேரத்தை 12 நொடியாகவும் சுருக்கியிருக்கலாம். காத்திருப்பைச் சுருக்குவது ஒன்று, அப்படியொரு காத்திருப்பே இல்லை என்பது வேறு. ஏற்றத்துக்கும் ஒரு விலை இருந்திருந்தால், எந்தக் கருவியை எப்போது எடுப்பது என்ற முடிவும் கூர்மையாகியிருக்கும்.

ஆழ்கடலுக்குப் போக மனிதனுக்கு இரண்டே வழிகள்தான். ஒன்று, மேற்பரப்பின் அழுத்தத்தை உறுதியான கூட்டுக்குள் அடைத்துக் கொண்டுபோவது. சென்னையின் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 6000 மீட்டர் ஆழத்துக்காக உருவாக்கும் மத்ஸ்யா 6000 அந்த வழி. மூவர் அமரும் அதன் கோளம் 80 மில்லிமீட்டர் தடிமனுள்ள டைட்டானியக் கலவையால் ஆனது. கூடு பொய்த்தால் என்னவாகும் என்பதை 2023இல் டைட்டன் நீர்மூழ்கி ஐந்து உயிர்களைப் பலிகொண்டு காட்டியது. இன்னொன்று, அழுத்தத்தை உடலுக்குள் அனுமதித்துவிட்டு, திரும்பும்போது நாள்கணக்கில் ஈடுகட்டுவது. முதல் வழிக்கு விலை உலோகம், இரண்டாவதற்கு விலை காலம். சப்நாட்டிகா உலோகத்தின் விலையை மீட்டர் தவறாமல் வசூலிக்கிறது. காலத்தை மட்டும் இலவசமாகக் கொடுத்துவிடுகிறது. இந்த ஒரு திருத்தத்தைச் சேர்த்துக்கொண்டால் அதன் கருவிப்பெட்டியைக் கடல் பொறியியலுக்கு நல்ல அறிமுகமாகவே கொள்ளலாம்.