கரந்துறையும் கண்ணோய்

மாணவர்களே! உடம்பினுள் ஓடும் குருதிக் குழல்களைத் தோலை அறுக்காமல் நேரே காணத்தக்க இடம் ஒன்று உண்டு. அது விழியின் பின்சுவரில் மென்துகில்போல் படர்ந்துள்ள விழித்திரையாகும். 1851ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ், கண்ணுள் ஒளியைச் செலுத்தி நோக்கும் கருவியொன்றை உலகிற்கு அறிவித்தார். அதற்கு முன்னர் அவ்விடம் மருத்துவர்க்கு இருட்டறையாகவே இருந்தது.

அக்கருவியால் வெளிப்பட்ட அரிய நோய்களுள் ஒன்றை, இலண்டன் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனையில் பணியாற்றிய ஜார்ஜ் கோட்ஸ் என்பார் 1908ஆம் ஆண்டில் விரித்துரைத்தார். அவர் பெயராலேயே அஃது இன்றும் வழங்குகின்றது. நலமுள்ள விழித்திரையில், மயிரிழையினும் நுண்ணிய குழல்களின் சுவர்கள் நீர் கசியாவண்ணம் செறிந்திருக்கும். இந்நோயிலோ சில குழல்கள் மணி கோத்தாற்போல் ஆங்காங்கே புடைத்துச் சுவர் நலிகின்றன. குருதியின் நீரும் கொழுப்பும் அவற்றினின்று கசியும். நீர் ஓரளவு உறிஞ்சப்படும். கொழுப்போ மஞ்சள் நிறமாகத் தங்கிவிடும். கசிவு மிகுமாயின், மழைநீர் ஊறிய சுவரில் சுண்ணப் பூச்சு உப்பிப் பெயர்வதுபோல விழித்திரை தன் இடத்தினின்று பெயரும். பெயர்ந்த பகுதி காட்சியை இழக்கும்.

இந்நோய் பெரும்பாலும் சிறுவரையே, அவருள்ளும் ஆண்பிள்ளைகளையே, ஒரு கண்ணில் மட்டும் பற்றும். இது தொற்றுநோயன்று, தொடக்கத்தில் வலியும் இராது. பிள்ளையோ தன் குறையை உணர்வதில்லை. மற்றொரு கண் இரண்டின் தொழிலையும் செய்துவிடுகின்றதன்றோ? நல்ல கண்ணைக் கையால் பொத்திப் பார்க்கும்போதுதான் உண்மை வெளிப்படும். சிலர்க்குக் கருவிழி ஒருபுறம் ஒதுங்கும். மாறுகண்ணை நற்பேறு என்று மகிழ்ந்து வாளா இருக்கும் இல்லங்களும் உள, அம்மகிழ்ச்சி பேதைமையே. இன்னும் சிலர்க்கு, மின்னொளி பாய்ச்சி எடுத்த நிழற்படத்தில் ஒரு கண்ணின் பாவை செந்நிறமாகவும், மற்றதன் பாவை வெண்மையாகவோ மஞ்சளாகவோ ஒளிர்வதாகவும் தோன்றும். சிறுவரின் விழித்திரையில் உண்டாகும் புற்றுநோயும் இவ்வாறே ஒளிரும். அஃது உயிரையே கவர வல்லது. ஆதலின், இரண்டில் எது என்பதைக் கண் மருத்துவர் காலந்தாழ்த்தாது ஆராய்தல் வேண்டும்.

கசியும் குழல்களை லேசர் ஒளியால் சுட்டோ, கடுங்குளிரால் உறையச் செய்தோ அடைப்பர். விழித்திரை பெயர்ந்திருப்பின் அறுவையும் வேண்டியிருக்கும். நோய் விழித்திரையின் ஓரத்தளவில் இருக்கும்போதே அடைத்துவிட்டால் பார்வை நிலைக்கக்கூடும். நூலெழுத்தைப் படிக்க உதவும் நடுப்பகுதியில் கொழுப்புப் படிந்து தழும்பேறிய பின் அடைப்பின், நோயின் பரவல் நிற்குமேயன்றி, இழந்த கூர்மை பெரும்பாலும் மீள்வதில்லை. அடைத்த பின்னும் சில கண்களில் ஆண்டுகள் கழித்துக் கசிவு மீண்டும் தோன்றுவதுண்டு. எனவே பிள்ளை வளர்ந்த பின்னரும் மருத்துவர் அக்கண்ணை அவ்வப்போது நோக்கி வருவர்.