சினம் நோயன்று

2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தபோது நெட்டுக்குப்பத்து மீனவர்களின் படகுகளும் வலைகளும் கறுத்தன. அம்மாத இறுதியிலேயே எண்ணூரில் அம்மோனியா கசிந்தது. இத்தகைய இடத்தில், மனச்சோர்வைப் போக்க உணர்ச்சிகளைக் கையாளும் திறனைக் கற்பிக்கலாம் என்றால் நமக்கு ஐயம் எழுவது இயல்பே: பொறுத்துப் போகச் சொல்கிறார்களா?

இல்லை. அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினெஹன் வகுத்து, இன்று மனச்சோர்வுக்கும் பயன்படும் பயிற்சியில், முதலில் உணர்ச்சிக்குப் பெயரிடுகிறோம். பின்னர் அது உண்மை நிலைக்குப் பொருந்துகிறதா என வினவுகிறோம். பிழைப்பு பறிபோனவரின் சினம் பொருந்துகிறது. அங்கே மாற்ற வேண்டியது நிலைமையை: மனு, இழப்பீட்டுக் கோரிக்கை, போராட்டம். 'நான் எதற்கும் உதவாதவன்' என்னும் வெட்கமோ பொருந்தாது. சாதிச் சமூகம் நம்முள் ஊன்றிய இழிவுணர்வும் அத்தகையதே. அப்போது அவ்வுணர்வு தூண்டுவதற்கு நேர்மாறாகச் செயல்படப் பழகுகிறோம். முடங்கிக் கிடக்கத் தோன்றினால், எழுந்து சென்று வலை சீர்செய்வோருடன் அமர்வது. ஒருநாள் மட்டுமன்று, நாள்தோறும்.

இத்தகைய உதவிக்கு மருத்துவர்தாம் வேண்டுமென்பதில்லை. கோவாவில், பயிற்சி பெற்ற சாதாரண மக்களே ஆறு முதல் எட்டு அமர்வுகளில் அளித்த, செயல்பாட்டை மீட்டெடுக்கும் சிகிச்சை கடும் மனச்சோர்வைக் குறைத்ததை 2017இல் லான்செட் இதழ் வெளியிட்டது. தற்கொலை எண்ணம் கொண்டவரை மட்டும் பயிற்சிக்காகக் காத்திருக்க வைக்கலாகாது. அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் உடனே அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.