பதில் கேட்டவருக்குக் கதை சொன்ன இயேசு!

அறிவுரை என்றாலே காதைப் பொத்திக்கொள்கிறவர்கள்கூட, கதை என்றால் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். குழந்தைகள் மட்டுமல்ல, அரியணையில் இருந்த ராஜாவும் அப்படித்தான் என்கிறது பைபிள்.

ராஜாவை அசைத்த ஆட்டுக்குட்டி

இஸ்ரவேலின் ராஜா தாவீது, தன் படைவீரன் உரியாவின் மனைவி பத்சேபாளை அபகரித்துக்கொண்டார். உரியாவைப் போர்முனையில் சாகவும் வைத்துவிட்டார். ராஜாவின் குற்றத்தை ராஜாவிடமே யார் போய்ச் சொல்வது?

போனவர் நாத்தான் தீர்க்கதரிசி. அவர் எடுத்த எடுப்பில் குற்றம் சாட்டவில்லை; ஒரு கதை சொன்னார். ஓர் ஊரில் ஒரு பணக்காரனும் ஓர் ஏழையும் இருந்தார்கள். பணக்காரனிடம் ஆடுமாடுகள் ஏராளம். ஏழையிடம் இருந்ததோ ஒரே ஓர் ஆட்டுக்குட்டி. அவன் சாப்பாட்டில் பங்கு சாப்பிட்டு, அவன் மடியில் தூங்கி, மகளைப் போல வளர்ந்த குட்டி அது. ஒருநாள் பணக்காரன் வீட்டுக்கு விருந்தாளி வந்தார். தன் மந்தையில் கைவைக்க மனம் வராத பணக்காரன், ஏழையின் குட்டியைப் பிடித்து விருந்து சமைத்துவிட்டான்.

தாவீது கொதித்துப்போனார். அவன் சாக வேண்டியவன், ஒன்றுக்கு நான்காகத் திருப்பித் தர வேண்டும் என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். அதன் பிறகுதான் நாத்தான், அந்த மனிதன் நீர்தான் என்றார்.

உரியாவைப் பற்றி நேரடியாகக் கேட்டிருந்தால் ராஜா ஆயிரம் சமாதானம் சொல்லியிருக்கலாம். சிறுவயதில் ஆடு மேய்த்தவர் அவர். ஆட்டுக்குட்டிக்காகக் கோபப்பட்ட பிறகு, தப்பிக்க வழியே இல்லாமல் தன் பாவத்தை ஒப்புக்கொண்டார்.

கேள்வியே மாறிப்போனது

இயேசுவும் இதே வழியில்தான் போனார். நேசிக்க வேண்டிய அயலான் என்பவர் யார் என்று ஒரு நியாயசாஸ்திரி அவரிடம் கேட்டார். யார் யாரையெல்லாம் நேசித்தால் போதும் என்று எல்லை போட்டுக் கேட்பது போன்ற கேள்வி அது.

இயேசு பட்டியல் எதுவும் தரவில்லை. எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகும் வழியில் நடந்ததாக ஒரு கதை சொன்னார். சுமார் 1,000 மீட்டர் கீழே இறங்கும் வறண்ட மலைப்பாதை அது. அங்கே ஒருவன் கள்ளர்களிடம் அடிபட்டுக் குற்றுயிராகக் கிடக்கிறான். ஆசாரியர் பார்த்தும் விலகிப் போகிறார். ஆலயப் பணி செய்யும் லேவியரும் அப்படியே போகிறார். மூன்றாவதாக வந்த சமாரியன்தான் காயம் கட்டி, தன் வாகன மிருகத்தில் ஏற்றி, சத்திரத்தில் சேர்த்து, இரண்டு நாள் கூலிக்கு நிகரான பணத்தையும் கொடுத்துவிட்டுப் போகிறான்.

யூதர்களுக்கும் சமாரியர்களுக்கும் அந்தக் காலத்தில் ஆகாது. மூவரில் அயலானாக நடந்துகொண்டவர் யார் என்று இயேசு திருப்பிக் கேட்டபோது, நியாயசாஸ்திரிக்கு 'சமாரியன்' என்ற பெயர்கூட வாயில் வரவில்லை. இரக்கம் காட்டியவன் என்றுதான் சொன்னார். ஆனால், பதில் அவர் வாயிலிருந்தே வந்துவிட்டது. அயலான் யார் என்று தேடி வந்தவர், தான் யாருக்கு அயலானாக இருக்கிறோம் என்று யோசிக்க வேண்டியதாயிற்று.

முடிவு சொல்லாத கதை

கெட்ட குமாரன் கதை பலருக்கும் தெரியும். சொத்தைப் பிரித்து வாங்கிப்போய் அழித்த இளைய மகன் திரும்பி வருகிறான். அப்பா ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறார். கதை அங்கே முடியவில்லை. வயலிலிருந்து வந்த மூத்த மகன் கோபித்துக்கொண்டு வாசலிலேயே நிற்கிறான். அப்பா வெளியே வந்து கெஞ்சுகிறார்.

அவன் உள்ளே போனானா? இயேசு சொல்லவே இல்லை. பாவிகளோடு சேர்ந்து சாப்பிடுகிறார் என்று முணுமுணுத்தவர்களுக்குத்தான் இந்தக் கதையைச் சொன்னார். முடிவை அவர்களே எழுத வேண்டும். தம்பியோடும் தங்கையோடும் பேசாமல் இருக்கும் எத்தனையோ அண்ணன்கள் இன்றும் அதே வாசலில்தான் நிற்கிறார்கள்.

சிறையிலிருந்து நெல்லைக்கு

பாத்திரங்களுக்கு ஒட்டுப்போடும் தொழிலாளியான ஜான் பனியன், அனுமதியின்றிப் பிரசங்கம் செய்ததற்காக இங்கிலாந்தின் பெட்ஃபோர்டு சிறையில் 12 ஆண்டுகள் கிடந்தார். வீட்டில் நான்கு பிள்ளைகள். மூத்தவளுக்குக் கண் தெரியாது. பிரசங்கத்தை விட்டுவிட்டால் விடுதலை என்றார்கள். அவர் சம்மதிக்கவில்லை. முதுகில் பெருஞ்சுமையோடு பரலோக நகரம் நோக்கி நடக்கும் ஒரு பயணியின் கதையை எழுதினார். 1678-ல் வெளியான 'மோட்சப் பயணம்' அதுதான்.

நெல்லைச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரான ஹெச்.ஏ.கிருஷ்ணபிள்ளை, கம்பனில் ஊறியவர். பனியனின் அந்தப் பயணியைத் தமிழ்க் காப்பியத்துக்குள் நடக்க வைத்தார். 'இரட்சணிய யாத்திரிகம்' 1894-ல் வெளிவந்தது.

மண்ணும் மொழியும் வேறு. ஆனால், சுமையோடு நடப்பதும், பாதி வழியில் சோர்ந்து உட்காருவதும், யாரோ கைகொடுத்து எழுப்புவதும் எல்லா ஊரிலும் ஒன்றுதான். கிறிஸ்தவர்கள் தங்கள் வாழ்க்கையையும் இப்படித்தான் பார்க்கிறார்கள். சிலுவையோடு எல்லாம் முடிந்தது என்று சீடர்கள் கதவை அடைத்துக்கொண்டிருந்தபோது, உயிர்த்தெழுந்த இயேசு வந்து நின்றார் என்பதே அவர்கள் விசுவாசத்தின் மையம். துக்க வீட்டிலும் ஆஸ்பத்திரிக் கட்டிலருகிலும் அந்தக் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்கிறார்கள். இன்றைய கண்ணீர் கடைசிப் பக்கம் இல்லை என்று நம்புவதற்கு அவர்களுக்கு அது தேவைப்படுகிறது.