நாய் கடித்தால் யார் பொறுப்பு?

2024 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கம் பகுதியில் ஒரு மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வீலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. பூங்கா காவலாளியின் மகள் அவள். தலையில் பலத்த காயம். அறுவைச் சிகிச்சை செய்யவேண்டி வந்தது. நாய்களின் உரிமையாளர் கைதானார். அடுத்த சில நாட்களில் மாநகராட்சியில் நாய் உரிமம் கேட்டு விண்ணப்பங்கள் குவிந்தன. அதுவரை நாய்க்கு உரிமம் வாங்கவேண்டும் என்பதே பலருக்குத் தெரியாது, தெரிந்தவர்களும் பொருட்படுத்தவில்லை. 2025 ஆகஸ்டில் ஜாபர்கான்பேட்டையில் பிட்புல் ஒன்று கடித்து, அக்கம்பக்கத்தில் வசித்த ஒருவர் உயிரிழந்தார். 2022இல் லக்னோவில் இறந்துபோன மூதாட்டி வெளியாள்கூட இல்லை. அவரைக் கடித்தது அவர் வீட்டிலேயே வளர்ந்த பிட்புல்.

இப்படி ஒன்று நடந்தவுடன் "இந்த இன நாய்களைத் தடை செய்" என்ற குரல் எழும். நாய் வளர்ப்போர் உடனே "நாயிடம் குற்றமில்லை, வளர்ப்பில்தான் குற்றம்" என்பார்கள். இரண்டு பேச்சிலும் பாதி உண்மை இருக்கிறது. கடிபட்டவருக்கு இவற்றைவிட அவசரமான கேள்வி ஒன்று உண்டு: சட்டப்படி இதற்கு யார் பதில் சொல்ல வேண்டும்?

வளர்ப்பு நாய் என்றால், வளர்ப்பவர்தான். பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. தன்னிடமுள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேரக்கூடும் என்ற நிலையில், அதைத் தடுக்கப் போதுமான ஏற்பாடு செய்யாமல் இருப்பதே குற்றம். தண்டனை ஆறு மாதம் வரை சிறை, அல்லது ரூ.5,000 வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 289ஆம் பிரிவு. அங்கே அபராத வரம்பு ரூ.1,000தான். அலட்சியத்தால் கொடுங்காயம் ஏற்பட்டால் புதிய சட்டத்தின் 125ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைக்கு இடமுண்டு. உயிர் போனால் 106ஆம் பிரிவு, ஐந்தாண்டு வரை. இவை எல்லாமே ஜாமீனில் விடக்கூடிய குற்றங்கள் என்பதால், காலையில் கைதானவர் மாலையில் வீட்டுக்கு வந்துவிடுவதைப் பார்த்து மக்கள் கொதிக்கிறார்கள். வெளியே வந்தாலும் வழக்கு முடிந்துவிடவில்லை. சிகிச்சைச் செலவுக்கும் இழப்பீட்டுக்கும் உரிமையியல் நீதிமன்றத்தில் தனியாக வழக்குத் தொடுக்கலாம். நாய்க்குக் கடிக்கும் சுபாவம் இருப்பது உரிமையாளருக்கு முன்பே தெரியும் என்று காட்ட முடிந்தால் அந்த வழக்கு மேலும் வலுப்பெறும்.

இங்கே வாசல் கேட்டில் தொங்கும் 'நாய்கள் ஜாக்கிரதை' பலகையைப் பற்றி ஒரு வார்த்தை. பலகை மாட்டிவிட்டால் தன் பொறுப்பு தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். கேட்டைத் திறந்து போட்டுவிட்டுப் பலகையைக் காட்டித் தப்பிக்க முடியாது. 'நாய் கடிக்கும் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது பார்' என்று எதிர்த்தரப்பு வக்கீல் அதே பலகையைத் திருப்பிக் காட்டவும் கூடும்.

தெருநாய்களின் கதை வேறு. அவற்றுக்கு 2023ஆம் ஆண்டின் விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் இருக்கின்றன. கருத்தடையும் தடுப்பூசியும் உள்ளாட்சி அமைப்பின் வேலை. அதைத் தனியாகத்தான் பேசவேண்டும். இங்கே பேச்சு, காசு கொடுத்து வாங்கி, பெயர் வைத்து வளர்க்கும் நாயைப் பற்றி.

இனத்தைத் தடை செய் என்ற குரலுக்கு வருவோம். தடைப் பட்டியல் எப்படிப்பட்டது என்று பார்த்தால் அதிலுள்ள சிக்கல் விளங்கும். 2024 மார்ச் 12 அன்று மத்திய கால்நடை பராமரிப்புத் துறை எல்லா மாநிலங்களுக்கும் ஒரு கடிதம் அனுப்பியது. மனித உயிருக்கு ஆபத்தானவை என்று 23 வகை நாய்களைக் குறிப்பிட்டு, அவற்றின் இறக்குமதி, இனப்பெருக்கம், விற்பனை எதற்கும் உரிமம் தரக்கூடாது, ஏற்கெனவே இருப்பவற்றுக்குக் கருத்தடை செய்யவேண்டும் என்றது. பட்டியலில் பிட்புல், ராட்வீலர், கேன் கோர்சோ, டோகோ அர்ஜென்டினோ எல்லாம் இருந்தன. 'தோசா இனு' என்று ஓரிடத்தில், 'ஜப்பானிய தோசா' என்று இன்னோரிடத்தில் ஒரே நாய் இரண்டு முறை வந்திருந்தது. 'டெரியர்' என்று மொட்டையாக ஒரு சொல்லும் இருந்தது. மடியில் தூக்கி வைத்துக்கொள்ளும் யார்க்‌ஷயர் டெரியரும் டெரியர்தான்! நாயைப் பற்றித் தெரிந்த ஒருவரிடம் காட்டியிருந்தால்கூட இந்தப் பட்டியல் இப்படி வெளியே வந்திருக்காது. 2024 ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தக் கடிதத்தை ரத்து செய்ததற்கான காரணமும் ஏறக்குறைய இதுதான்: சம்பந்தப்பட்ட யாரையும் கலந்து பேசாமல் வெளியிட்டிருக்கிறீர்கள். ஆக, நுங்கம்பாக்கம் சம்பவம் நடந்தபோது அந்தத் தடை ஏற்கெனவே நீதிமன்றத்தில் அடிபட்டுப் போயிருந்தது.

இனத்தைப் பட்டியலிட்டுத் தடுக்கும் முறையில் நீண்ட அனுபவம் உள்ள நாடு பிரிட்டன். 1991இல் அடுத்தடுத்து நடந்த தாக்குதல்களால் எழுந்த பரபரப்பில் ஆபத்தான நாய்கள் சட்டத்தை அவசரமாக நிறைவேற்றினார்கள். பிட்புல் டெரியர், ஜப்பானிய தோசா, டோகோ அர்ஜென்டினோ, ஃபிலா பிரசிலெய்ரோ ஆகிய நான்கு வகைகளுக்குத் தடை. உன் நாய் தடை செய்யப்பட்ட வகை என்று அரசுத் தரப்பு சொன்னால், இல்லை என்று நிரூபிக்கவேண்டியது நாய்க்காரர். அவ்வளவு கடுமையான சட்டம். ஆனாலும் வாட்டசாட்டமான நாய் வேண்டும் என்று தேடியவர்கள் பட்டியலில் இல்லாத வேறொன்றைக் கண்டுபிடித்துக்கொண்டார்கள். அதுதான் எக்ஸ்எல் புல்லி. அதனால் பல உயிர்கள் போன பிறகு, 2023 அக்டோபர் 31 அன்று அதையும் பட்டியலில் சேர்த்தார்கள். முதல் சட்டத்துக்கும் இதற்கும் இடையில் 32 ஆண்டுகள்.

அந்த நாட்டிடம் நாம் எடுத்துக்கொள்ளவேண்டியது, தடைக்குப் பிறகு வைத்த நிபந்தனைகள்தான். 2024 பிப்ரவரி 1 முதல் இங்கிலாந்திலும் வேல்சிலும் விலக்குச் சான்றிதழ் இல்லாமல் எக்ஸ்எல் புல்லி வைத்திருப்பதே குற்றம். சான்றிதழ் வேண்டுமென்றால் 92.40 பவுண்டு கட்டணம், கருத்தடை, மைக்ரோசிப், மூன்றாம் நபர் காப்பீடு, பொது இடத்தில் சங்கிலியும் வாய்மூடியும். 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களுக்கு இப்படிச் சான்றிதழ் வாங்கினார்கள். காப்பீடு என்பதைக் கவனியுங்கள். கடிபட்டவர் நாய்க்காரரின் மனசாட்சியை நம்பி நிற்கவேண்டியதில்லை. காப்பீட்டு நிறுவனம் பணம் கொடுக்கும். நம் ஊரில் பைக்குக்குக் கட்டாயமாக உள்ள இந்த ஏற்பாடு, ஐம்பது கிலோ எடையுள்ள காவல் நாய்க்கு ஏன் இல்லை என்பது நியாயமான கேள்வி.

நெதர்லாந்து 1993இல் பிட்புல்லைத் தடை செய்தது. கடி குறையவில்லை என்று கண்டு 2008இல் தடையை விலக்கிக்கொண்டது. கனடாவின் கால்கரி நகரம் இனத்தைத் தொடவே இல்லை. உரிமம் வாங்காதவர், நாயை அவிழ்த்துவிட்டவர், கடிக்கவிட்டவர் என்று ஆளுக்கேற்ப அபராதம் போட்டது.

இதற்காக எல்லா நாயும் ஒன்றுதான் என்று வாதிட நான் தயாரில்லை. பொமரேனியனும் கடிக்கும். நாய்க்காரர்கள் இதை ஒரு பெரிய வாதமாகவே சொல்வார்கள். பொமரேனியன் கடித்தால் ஊசி. ராட்வீலர் கடித்தால் தீவிரச் சிகிச்சைப் பிரிவு. ராட்வீலர், ஜெர்மனியின் ராட்வைல் நகரத்துக் கசாப்புக்காரர்கள் மாடு ஓட்டவும் வண்டி இழுக்கவும் வளர்த்த நாய். பிட்புல்லின் முன்னோர்கள், பிரிட்டனில் கட்டிவைத்த காளை மீது ஏவிவிடவும் பிறகு நாய்ச் சண்டைக்கும் என்று பொறுக்கி வளர்க்கப்பட்டவை. கவ்வினால் விடாத குணத்தை மனிதனேதான் தலைமுறை தலைமுறையாக அதற்குள் ஏற்றினான். அந்த வரலாறு நாயின் உடம்பில் இருக்கிறது. நம்முடைய கோம்பை, ராஜபாளையம் நாய்களும் காவலுக்கும் வேட்டைக்கும் வளர்த்தவையே. எந்தத் தடைப் பட்டியலிலும் இல்லை என்பதால் அவை பூனைக்குட்டிகள் ஆகிவிடாது. பெரிய நாய் வைத்திருப்பவருக்குப் பொறுப்பும் பெரிது. சென்னை மாநகராட்சி 2025 டிசம்பரில் பிட்புல், ராட்வீலர் இரண்டுக்கும் புதிய உரிமம் தருவதில்லை என்று முடிவு செய்ததை இந்தக் கோணத்தில் என்னால் ஏற்க முடிகிறது. ஆனால் அது பாதி வேலைதான். மூன்றாவதாக ஒரு இனம் சந்தைக்கு வரும்.

நாய் ஏன் கடிக்கிறது? பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து சுமார் பதினான்காவது வாரம் வரை ஒரு குட்டி எதையெல்லாம் பார்க்கிறதோ, யாருடன் எல்லாம் பழகுகிறதோ, அதெல்லாம் அதற்குச் சாதாரணமாகிவிடும். அந்தக் காலத்தில் குழந்தைகளையே பார்க்காமல் கூண்டில் வளர்ந்த குட்டிக்கு, பிற்பாடு ஓடிவரும் குழந்தை ஒரு இரை அல்லது எதிரி. எட்டு வாரத்துக்குள் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து விற்கக்கூடாது என்று நாய் வளர்ப்பு, விற்பனைக்கான 2017ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. நாய் வளர்த்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. வாங்கப் போகிறவர்களில் எத்தனை பேர் அந்தப் பதிவைக் கேட்கிறார்கள்? பெரும்பாலும் செல்போனில் படம் பார்த்து வாங்குகிறார்கள். அதன்பிறகு மொட்டை மாடியில் சங்கிலி. நாள் முழுக்க வெயில், யாரும் பேசுவதில்லை, 'வெறி ஏறட்டும்' என்று வேண்டுமென்றே சீண்டுவதும் உண்டு. ஒருநாள் அந்தச் சங்கிலி அறுகிறது.

நாய் பெரும்பாலும் எச்சரித்துவிட்டுத்தான் கடிக்கும். உடம்பை விறைத்து அப்படியே நிற்கும், முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்க்கும், உதட்டை நக்கும், பிறகு உறுமும். உறுமியதற்காக நாயை அடிக்கும் வீடுகள் உண்டு. அடி வாங்கிய நாய் உறுமுவதை நிறுத்திக்கொள்ளும், கடிப்பதை நிறுத்தாது. குழந்தையின் முகம் நாயின் வாய் உயரத்திலேயே இருப்பதால்தான் குழந்தைகளுக்குத் தலையிலும் முகத்திலும் காயம் படுகிறது. எவ்வளவு சாதுவான நாயானாலும் சின்னக் குழந்தையை அதனுடன் தனியே விடாதீர்கள்.

நாய் வளர்ப்பவர் செய்யவேண்டியவை அப்படியொன்றும் மலையைப் புரட்டுகிற வேலை இல்லை. சென்னையில் உரிமக் கட்டணம் ஆண்டுக்கு ரூ.50, இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம், ரேபிஸ் தடுப்பூசிச் சான்று வேண்டும். உரிமம் இல்லாவிட்டால் ரூ.5,000 அபராதம். தோலுக்கடியில் வைக்கும் மைக்ரோசிப் அரிசி மணி அளவுதான். அது நாய் போகுமிடத்தைக் காட்டும் கருவி என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அது வெறும் அடையாள எண், நாய் யாருடையது என்று சொல்லும், அவ்வளவே. மற்ற ஊர்க்காரர்கள் தங்கள் மாநகராட்சியிலோ நகராட்சியிலோ விதியைக் கேட்டுக்கொள்ளலாம். வெளியே கூட்டிச் செல்லும்போது குட்டையான சங்கிலி, அதுவும் நாயை இழுத்து நிறுத்தத் தெம்புள்ள ஆளின் கையில். பத்து வயதுப் பையனிடம் லாப்ரடாரைக் கொடுத்தனுப்புவதுகூடத் தவறு. வாய்மூடி போடுவது நாயை அவமானப்படுத்துவது இல்லை. சரியான அளவில் போட்டால் அது மூச்சுவிடலாம், தண்ணீரும் குடிக்கலாம். அபார்ட்மென்ட் சங்கங்களுக்கும் ஒன்று: நாய் வளர்க்கவே கூடாது என்று தடை போட உங்களுக்கு அதிகாரமில்லை என்று இந்திய விலங்குகள் நல வாரியம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. உரிமம், தடுப்பூசிச் சான்று, சங்கிலி ஆகியவற்றைக் கேட்டு வாங்குவதில் உங்கள் பலத்தைக் காட்டுங்கள்.

கடி பட்டுவிட்டால் முதலில் குழாயைத் திறந்து, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்த் தூள், காப்பித் தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். 'ஊசி போட்ட நாய்தாங்க' என்று உரிமையாளர் சொன்னாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போகவேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி இலவசம். 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் போடுவார்கள். காயம் ஆழமாக இருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் ஊசியும் தேவைப்படும். மூன்றாவது ஊசியோடு நிறுத்திவிடுகிறவர்கள் நிறையப் பேர். அறிகுறி தோன்றிய பிறகு ரேபிசிலிருந்து தப்பியவர்களை உலகத்திலேயே விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அடுத்தது புகார். காயத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவச் சீட்டு, ரசீது, பார்த்தவர்களின் பெயர், கேமரா பதிவு எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். காவல் நிலையத்திலும் மாநகராட்சியிலும் எழுத்தில் புகார் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நாம் தளர்ந்துவிடுகிறோம். பக்கத்து வீட்டுக்காரர், நாளைக்கு முகத்தில் விழிக்கவேண்டுமே என்று, ஊசிச் செலவை மட்டும் வாங்கிக்கொண்டு விட்டுவிடுகிறோம். சண்டை போடச் சொல்லவில்லை. சின்னக் கடியாக இருந்தாலும் அது எழுத்தில் பதிவாகட்டும். அதே நாய் இன்னொருவரைக் கடிக்கும் நாளில், "இதுவரை யாரையும் கடித்ததே இல்லை" என்று உரிமையாளர் நீதிமன்றத்தில் சொல்ல முடியாமல் செய்வது நீங்கள் கொடுத்த அந்த ஒரு பக்கப் புகார்தான்.