நெடுஞ்சொற்களும் நுரையீரலும்: ஆங்கிலத் தூசுநோய்ப் பெயர்கள் சில

ஆங்கில அகராதிகளில் இடம்பெறும் மிக நீண்ட சொல் எது என்ற வினா, பொது அறிவுப் போட்டிகளில் அடிக்கடி எழுவது. ‘நியூமோனோஅல்ட்ராமைக்ரோஸ்கொபிக்சிலிக்கோவொல்கேனோகோனியோசிஸ்’ என்பதே பெரும்பாலும் தரப்படும் விடை. ஆங்கிலத்தில் இது 45 எழுத்துக்களைக் கொண்டது. எரிமலை சார்ந்த மிக நுண்ணிய சிலிக்காத் தூசை உட்சுவாசிப்பதால் உண்டாகும் நுரையீரல் நோய் என்பது இதன் பொருள். இச்சொல் வேடிக்கையாகவே நினைவு கூரப்படுகின்றது. ஆயின், இதனோடு ‘ஓசிஸ்’ என்னும் ஈற்றைப் பகிர்ந்துகொள்ளும் வேறு சில சொற்கள் வேடிக்கைக்குரியவை அல்ல. அவற்றை ஒருசேர வைத்து நோக்குமிடத்து, ஒரு நோய்க்குப் பெயரிடும் செயலிலும் வர்க்க நலன்கள் தொழிற்படுவதைக் காணலாம்.

ஆங்கிலத்தில் நான்கு எழுத்துக்களால் எழுதப்படும் இவ்வீறு கிரேக்க மொழியிலிருந்து வந்தது. ஒரு நிலையை அல்லது நிகழ்முறையைக் குறிக்கும் இது, மருத்துவ வழக்கில் நோயுற்ற நிலையைச் சுட்டும். இதற்கு முன்னர் நிற்கும் பகுதியே நோயின் காரணத்தைச் சொல்கின்றது. ‘சிலிக்கோசிஸ்’ என்பதன் முற்பகுதி தீக்கல்லைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. கல்லுடைப்போர், சுரங்கம் அகழ்வோர், மட்பாண்டத் தொழிலாளர் ஆகியோரின் நோய் இது. ‘அந்திரக்கோசிஸ்’ என்பதிற் கரியைக் குறிக்கும் கிரேக்கச் சொல் உளது. ‘பிசினோசிஸ்’ நுண்ணிய துகிலைக் குறிக்கும் சொல்லடியாகப் பிறந்து, பஞ்சாலைத் தொழிலாளரின் நோய்க்குப் பெயராயிற்று. ‘பகசோசிஸ்’ பூஞ்சணம் படிந்த கரும்புச் சக்கையின் தூசினால் வருவது. ‘அஸ்பெஸ்டோசிஸ்’ என்பதன் முற்பகுதிக்கு ‘அணைக்கவியலாதது’ என்பது மூலப்பொருள். இவற்றுட் பலவற்றையும் உள்ளடக்கும் பொதுப்பெயர், நுரையீரல், தூசு ஆகியவற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொற்களாலான 14 எழுத்துச் சொல்லாகிய ‘நியூமோகோனியோசிஸ்’.

இப்பெயர்கள் ஆக்கப்படுவதற்கு முன்னரே நோய்கள் இருந்தன. தொழிலாளர் அவற்றுக்குத் தம் பேச்சிற் பெயரிட்டும் இருந்தனர். ஷெபீல்ட் நகரிற் கத்திகளுக்குச் சாணை பிடித்தோரின் நோய் ‘சாணைக்காரர் தொய்வு’ எனப்பட்டது. 1845இல் வெளிவந்த தமது நூலில் ஏங்கெல்ஸ் இத்தொழிலாளர் இளவயதிலேயே மாண்டமையை விவரித்துள்ளார். தொழிலாளர் இட்ட பெயரில் மனிதன் நின்றான். மருத்துவர் இட்ட பெயரில் மூலப்பொருள் நின்றது. இவ்வேறுபாடு மனங்கொளத்தக்கது.

எனினும், மக்கள் சொல் நல்லது, புலமைச் சொல் தீயது என இலகுவாக முடிவு கட்டுதல் தவறாகும். இங்கிலாந்தின் றொச்டேல் நகரில் அஸ்பெஸ்டஸ் ஆலையொன்றில் வேலைசெய்த நெல்லி கேர்ஷோ என்ற பெண் 1924இல் தமது 33ஆவது வயதில் இறந்தார். அவரது நோய்க்கு அஸ்பெஸ்டஸே காரணமென மருத்துவர் கூறியிருந்தும், சட்டம் ஏற்றுக்கொண்ட தொழில்சார் நோய்களுள் அது இடம்பெறவில்லை. ஆலை நிர்வாகம் பொறுப்பேற்க மறுத்தது. அவரது நுரையீரலை ஆராய்ந்த வில்லியம் குக் என்ற மருத்துவர் 1927இல் அந்நோயை ‘அஸ்பெஸ்டோசிஸ்’ எனப் பெயரிட்டு எழுதினார். 1931இல் பிரித்தானியா அவ்வாலைகளின் தூசைக் கட்டுப்படுத்தும் விதிகளைக் கொண்டுவந்தது. பெயர் மட்டுமே இம்மாற்றத்தை ஏற்படுத்திற்று என்பதன்று. ஆயின், பெயரற்ற நோய்க்கு நட்டஈடு கோருதல் இயலாதிருந்தது.

தெற்கு வேல்ஸின் அனுபவம் இதனிலும் தெளிவானது. அங்குள்ள நிலக்கரித் தொழிலாளர் நட்டஈடு பெறுவதற்குத் தமக்கு வந்திருப்பது சிலிக்கோசிஸ் என்றே நிறுவ வேண்டியிருந்தது. அதாவது, குற்றவாளி பாறைத் தூசாக இருத்தல் வேண்டும். நிலக்கரித் தூசு குற்றமற்றது. ஆனால், துறைமுகங்களிற் கப்பலினுள்ளே நிலக்கரியைப் பரப்பி நிரப்பிய, பாறையையே தொட்டறியாத தொழிலாளரும் மூச்சுத் திணறி மாண்டனர். 1937இல் தொடங்கிய மருத்துவ ஆய்வுகளின் பின்னர், 1943இல் ‘நியூமோகோனியோசிஸ்’ என்னும் விரிந்த சொல் நட்டஈட்டுத் திட்டத்தில் இடம்பெற்றது. சொல் நீண்டது, அதனுட் புகலிடம் பெற்றோரின் தொகையும் பெருகிற்று.

அமெரிக்காவில் இதன் மறுபக்கத்தைக் காண்கின்றோம். 1968 நவம்பரில் மேற்கு வேர்ஜீனியாவின் பார்மிங்ரன் சுரங்க வெடிவிபத்தில் 78 பேர் மடிந்தனர். அடுத்த ஆண்டு பெப்ரவரியில், தொழிற்சங்கத் தலைமையின் அனுமதிக்குக் காத்திராது, அம்மாநிலத்துச் சுரங்கத் தொழிலாளர் பல்லாயிரவர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ‘கறுப்பு நுரையீரல்’ என்ற அவர்களது சொல்லே போராட்டத்தின் முழக்கமாயிற்று. 1969 இறுதியில் நிறைவேறிய கூட்டாட்சிச் சட்டம் நெடுஞ்சொல்லுக்கு வரைவிலக்கணம் தந்தது. 1972ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டமோ ‘கறுப்பு நுரையீரல்’ என்ற தொழிலாளர் சொல்லையே தன் பெயரில் ஏற்றுக்கொண்டது.

இப்பின்னணியிலேயே 45 எழுத்துச் சொல்லை நோக்குதல் வேண்டும். மருத்துவர் எவரும் நோயாளியின் பொருட்டு ஆக்கிய சொல் அல்ல இது. அமெரிக்காவின் தேசியப் புதிராளர் சங்கத் தலைவராயிருந்த எவரெட் ஸ்மித் 1935இல் மிக நீண்ட சொல் ஒன்று வேண்டுமென்றே இதனை ஆக்கினார். ஒக்ஸ்போர்ட் அகராதியும் இதனைச் செயற்கைச் சொல் எனவே குறிக்கின்றது. அதே காலத்தில், 1930ஆம் ஆண்டில் மேற்கு வேர்ஜீனியாவின் கோலி பிரிட்ஜ் அருகே தொடங்கிய ஹோக்ஸ் நெஸ்ட் சுரங்கவழியை அகழ்ந்த தொழிலாளர் சிலிக்கோசிஸினால் மாண்டுகொண்டிருந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் தென்மாநிலங்களிலிருந்து வேலைதேடி வந்த கறுப்பினத்தவர். சிலிக்கா மிகுந்த பாறை உலர்நிலையிலே துளையிடப்பட்டது, முகக்கவசம் வழங்கப்படவில்லை. 1936இல் அமெரிக்கக் கொங்கிரஸின் குழுவொன்று இதனை விசாரித்தது. 1986இல் மார்ட்டின் செர்னியக் வெளியிட்ட ஆய்வு இறந்தோர் தொகையை 764 என மதிப்பிட்டது. மூரியல் ருக்கெய்சர் 1938இல் வெளியிட்ட கவிதைத் தொடர் ஒன்று இம்மரணங்களையே பொருளாகக் கொண்டது.

புதிராளர் இதனை மறைக்க எண்ணினார் எனக் கூறுவதற்கில்லை. ஆயினும், சொல்லின் அமைப்பு சிந்தனைக்குரியது. ‘சிலிக்கோசிஸ்’ என்ற 9 எழுத்துச் சொல் நம்மைக் கல்லுக்கும், கல் வேலைத்தளத்துக்கும் இட்டுச் செல்கின்றது. 45 எழுத்துச் சொல்லோ தூசுக்கு எரிமலையைக் காரணமாக்குகின்றது. எரிமலைக்கு முதலாளி இல்லை. அது இலாபம் கருதி உலர்நிலையிலே துளையிடுவதுமில்லை. உழைப்பிலிருந்து பிரிக்கப்பட்ட மொழி, நீளத்தில் வளர்ந்து பொருளிற் குறுகுவதற்கு இதனினும் சிறந்த சான்று காண்டல் அரிது.

இவை பழங்கதைகள் அல்ல. சிலிக்கா மிகுந்த செயற்கைக் கற்பலகைகளை வெட்டிய தொழிலாளரிடையே சிலிக்கோசிஸ் மீண்டும் பரவியமையால், அவுஸ்திரேலியா 2024 யூலை 1 முதல் அப்பலகைகளைத் தடைசெய்தது. இலங்கையின் காரீயச் சுரங்கத் தொழிலாளரிடையே காணப்பட்ட தூசுநோயை நம் நாட்டு மருத்துவர்கள் 1972இலேயே ஆய்வுலகுக்கு எடுத்துரைத்துள்ளனர். எனவே, இப்பெயர்களைத் தமிழாக்குவோர் கிரேக்க உறுப்புகளுக்கு நேரான சொற்களைத் தேடுவதோடு அமைதல் போதாது. எந்தத் தூசு, எந்த வேலையில் என்ற இரண்டையும் கேட்போருக்கு உணர்த்தும் சொல்லே, நோயுற்றவன் தன் உரிமையைக் கேட்பதற்கு உதவும் சொல் என நாம் கருதுகின்றோம்.