வளைவும் வளைவும் சேரும் இடம்

புதிய கார் ஒன்றின் அருகே நின்று, அதன் கதவில் தெரியும் குழல்விளக்கின் பிம்பத்தைப் பாருங்கள். தலையை நகர்த்தினால் பிம்பமும் தகட்டின்மேல் வழுக்கிச் செல்லும். எங்காவது அது வெடுக்கென்று மடிந்தால், அங்கே இரண்டு வளைபரப்புகள் சரியாக இணையவில்லை என்று பொருள். விரலால் தடவினால் தெரியாது. ஒளி காட்டிக் கொடுத்துவிடும்!

நேர்க்கோடு ஒன்று வட்டவில் ஒன்றைத் தொட்டுச் சேர்வதாகக் கொள்வோம். கோடு அந்த வில்லுக்குத் தொடுகோடாக இருப்பதால் முனை ஏதும் தெரியாது. ஆனால், வளைவு என்பது ஆரத்தின் தலைகீழ் அல்லவா? நேர்க்கோட்டில் அது பூஜ்யம். வில்லில் அப்படியன்று. சேருமிடத்தில் வளைவு ஒரே தாவாகத் தாவுகிறது. இரயில் பாதையை இப்படிப் போட்டால், விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வரும் வண்டி 400 மீட்டர் ஆரமுள்ள வில்லில் நுழைந்த கணமே, 1 மீ/வி² மையநோக்கு முடுக்கம் திடீரெனத் தோன்றும், நிற்பவர் தடுமாறுவார். ஆகவேதான் இடையில், சிறிது சிறிதாக வளைவு கூடும் பாதை ஒன்றைச் சேர்க்கிறார்கள். கார்த் தகட்டுக்கும் அதுவே தேவை.

அத்தகைய வளைகோட்டைக் கணிப்பொறிக்கு எப்படிச் சொல்வது? 1959இல் பிரான்சில், சிட்ரோயன் கார் நிறுவனத்தில் பணியாற்றிய போல் த காஸ்தெல்ஜோ என்ற இளம் கணித அறிஞர் மிக எளிய வழி ஒன்றைக் கண்டார். நிறுவனம் அதை இரகசியமாகவே வைத்துக்கொண்டது. பின்னர், போட்டி நிறுவனமான ரெனோவில் பியேர் பெசியே தாமாகவே அதே வளைகோடுகளை அடைந்து, கட்டுரைகளாகவும் வெளியிட்டார். எனவே அவை பெசியே வளைகோடுகள் ஆயின. முதலில் கண்டவரின் பெயர் வரையும் முறைக்கு மட்டும் நிலைத்தது. குறைந்த கூலிதான்!

அந்த முறையை நீங்களே செய்யலாம். வரைபடத் தாளில் (0,0), (4,8), (8,0) ஆகிய புள்ளிகளைக் குறித்து, வரிசையாக இரு கோடுகளால் இணையுங்கள். அவற்றின் நடுப்புள்ளிகள் (2,4), (6,4). இவற்றை இணைக்கும் கோட்டின் நடுப்புள்ளி (4,4) வளைகோட்டின்மேல் உள்ளது. பாதிக்குப் பதிலாகக் கால் பங்கு எடுத்தால் (1,2), (5,6) கிடைக்கும். அவற்றிடையே மீண்டும் கால் பங்கு, (2,3). இப்படியே பல புள்ளிகளைக் கண்டு சேர்த்தால் ஒரு பரவளையம் உருவாகும்.

நான்கு புள்ளிகளுடன் தொடங்கினால் இன்னொரு சுற்று கூடும், பயனும் கூடும். வளைகோடு முதற்புள்ளியில், இரண்டாம் புள்ளியை நோக்கியே கிளம்புகிறது. அங்கே எவ்வளவு வளையும் என்பது, அத்திசைக் கோட்டிலிருந்து மூன்றாம் புள்ளி எவ்வளவு விலகியுள்ளது என்பதைப் பொறுத்தது. ஆகவே முதல் மூன்று புள்ளிகளையும் நேர்க்கோட்டின்மேலேயே வைத்தால், வளைவு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். கடைசி இரு புள்ளிகளை வில்லின் தொடுகோட்டில் அமைத்து, இரண்டாம் புள்ளியை உரிய இடத்துக்கு நகர்த்தினால், மறுமுனையில் வில்லின் வளைவே கிடைத்துவிடும்.

பரப்புக்கு இதே கணக்கை இரு திசைகளில் செய்கிறார்கள்: நான்குக்கு நான்கு, 16 புள்ளிகள் கொண்ட வலை. அடுத்த பரப்புடன் சேரும் விளிம்பில், ஒவ்வொரு வரிசையிலும் வளைவு பொருந்த வேண்டும். பொருந்தியதா என்று எப்படி அறிவது? வடிவமைப்பாளர் திரையிலுள்ள காரின்மீது கறுப்பு வெள்ளைப் பட்டைகளின் பிம்பத்தை விழச் செய்து, வரிக்குதிரை போலாக்கிப் பார்க்கிறார். பட்டை மடியும் இடத்தில் மீண்டும் புள்ளிகளை நகர்த்துகிறார்.